முடி சூடாத அரசி

அரசவை ஓவியனின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையாகும். கண்டதைக் கண்டவாறே தீட்டினால் அரண்மனை முகஞ்சுளிக்கும். காணாததைத் தீட்டினால் கலை பழிக்கும். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் இவ்விடர்ப்பாட்டை ஓவியர் பலரும் பலவாறு கடந்தனர். 1701இல் 14ஆம் லூயி மன்னனைத் தீட்டிய ரிகோ, அறுபதைக் கடந்த முகத்தின் முதுமையை மறைத்தாரல்லர். ஆயின் அதன்கீழே இளைஞன் ஒருவனுக்குரிய கால்களை வரைந்துவிட்டார். முகம் மனிதனுடையது, உடல் அரியணையினுடையது.

1685 முதல் 1766 வரை வாழ்ந்த ழான்-மார்க் நாத்தியே கண்ட வழி வேறு. அரண்மனை மகளிரை அவர் தேவதைகளாக்கினார். 15ஆம் லூயியின் மகளிருள் ஆன்றியெத் 1742இல் மலர்த் தெய்வமான புளோராவானாள். அதலாயித் 1745இல் வேட்டைத் தெய்வமான தயானாவானாள். அணிந்தோர் மகிழ்ந்தனர், ஓவியரின் புகழும் ஓங்கிற்று.

1748இல் அம்மகளிரின் அன்னையாகிய அரசி மரி லெஷ்சின்ஸ்கா அவர்முன் அமர்ந்தார். போலந்தின் அரியணையை இழந்த மன்னனின் மகள் அவர். 1725இல் 22 வயதில், 15 வயது லூயியை மணந்து, 10 பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் மூவரை அதுகாறும் பறிகொடுத்திருந்தார். 1745 முதல் மன்னனின் அன்பும் அரண்மனையின் கவனமும் பொம்பதூர் சீமாட்டியின் பக்கலிலேயே இருந்தன.

அரசி விதித்த நிபந்தனை ஒன்றே: அரச கோலம் வேண்டாம், அன்றாட உடையிலேயே தீட்டுக. எனவே படத்தில் முடியில்லை, செங்கோலில்லை, தேவதைக் கோலமுமில்லை. மென்மயிர் விளிம்பிட்ட செந்நிற ஆடை, தலையை மூடிய வெண்தொப்பி, அதன்மேற் கரிய பின்னற்றுகில், திறந்த விவிலியத்தின்மீது தங்கிய கை, அப்பால் நோக்கும் கண்கள். இவையே அங்குள்ளன.

பணிவும் பக்தியும் கூட ஒருவகைக் கோலமே எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதம் முற்றிலும் தவறன்று. விவிலியம் தற்செயலாக அங்கே திறந்து கிடக்கவில்லை. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. தேவதைக் கோலம் அரண்மனை வழக்கு அளித்தது. இக்கோலம் அவர் தாமே தேர்ந்தது. திருமணத்தையோ மன்னனின் மனத்தையோ தம் விருப்பப்படி அமைக்க இயலாத ஒருத்தி, தாம் எவ்வாறு நினைக்கப்படவேண்டும் என்பதையேனும் தாமே முடிவு செய்தார்.

அம்முடிவு ஓவியரையும் மாற்றிற்று. வழக்கமான அலங்காரங்கள் விலக்கப்பட்டமையால், 45 வயது முகத்தை உற்றுநோக்குவதன்றி அவருக்கு வேறு வழியில்லாது போயிற்று. அதே ஆண்டு பாரிசின் சலோன் காட்சியில் மக்கள்முன் வைக்கப்பட்ட அப்படத்திற்குப் பின்னர்ப் படிகள் பல எடுக்கப்பட்டன.

தயானாவையும் புளோராவையும் இன்று காண்போர் ஆடையின் அழகை வியந்து அகல்வர். இவ்வரசியின்முன் நிற்போர் முதலிற் காண்பது முகத்தையே. புனைய வல்ல கலைஞனுக்குப் புனையாதிருக்கக் கற்பித்த பெருமை, படத்திற்காக அமர்ந்தவருக்கே உரியது.