நின்று திரும்பும் நாடா

குட்டி விமானங்கள் விஷயத்தில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. 1955-ல் முதலில் பறந்த செஸ்னா 172 என்கிற நாலு ஸீட் விமானம் இன்றும் தயாராகிறது. மூக்கில் இருப்பது இன்றும் பிஸ்டன் இன்ஜின்தான். உங்கள் ஸ்கூட்டருக்குப் பெரியப்பா முறை.

பிஸ்டனின் சங்கடம் புரிய காஞ்சிபுரம் போனால் போதும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாடா ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது. பிஸ்டனும் அப்படியே, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அதனால்தான் அத்தனை அதிர்வு.

'ஏன் நிற்கணும்? சுற்றிக்கொண்டே இருக்கட்டுமே' என்று யோசித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். அவருடைய இன்ஜின் 1957-ல் ஓடியது. பிஸ்டனுக்குப் பதில் உப்பின முக்கோணம் ஒன்று சுற்றும். வால்வு கிடையாது, எடை குறைவு, அதிர்வும் குறைவு. நம் டி.ஆர்.டி.ஓ.வும் 55 குதிரைசக்தியில் ஒன்று செய்து, 2009-ல் கோலார் அருகே 'நிஷாந்த்' ஆளில்லா விமானத்தில் பறக்கவிட்டது. காமிரா சுமக்கும் விமானத்துக்கு ஆடாத இன்ஜின் ஒரு வரம்.

பின்னே ஏன் எல்லோரும் மாறவில்லை? முக்கோணத்தின் முனைகளில் உள்ள ஸீல்கள் தேயும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அதைவிட முக்கியம், ஆளில்லா விமானம் விழுந்தால் பணம் போகும்; பயிற்சி விமானம் விழுந்தால் ஒரு வீட்டுப் பிள்ளை போகும். பிஸ்டன் எங்கே மக்கர் பண்ணும் என்பது மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. சுமார் 2000 மணி நேரம் ஓடியதும் பிரித்துச் செப்பனிடு என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

தறிக்காரரிடம், "மில்லில் நாடாவே இல்லாமல் காற்றை ஊதி நெய்கிறார்களே?" என்றேன்.

"நெய்யட்டும் சார். கோர்வைக்கு மூணு நாடா வேணும். கரையையும் உடலையும் காத்து வந்து பூட்டுமா?"

அதற்காகப் பழசே உசத்தி என்று உட்கார்ந்துவிட முடியாது. நம் ஊர் பங்க்குகளில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு போய்விட்டது. குட்டி விமானங்களில் பெரும்பாலானவை இன்னும் அதைத்தான் குடிக்கின்றன. புகையைச் சுவாசிப்பது ஓடுபாதைக்குப் பக்கத்துத் தெருக் குழந்தைகள். அவர்களுக்காகவாவது மாற்று வேண்டும்.

பாட்டரியில் பறக்கும் இரண்டு ஸீட் 'பிப்பிஸ்ட்ரல்' விமானத்துக்கு 2020-ல் ஐரோப்பா சான்றிதழ் கொடுத்தது. ஒரு சார்ஜுக்கு ஐம்பது நிமிஷம் பறக்கும். பிஸ்டனுக்குக் கிடைத்திருக்கும் நம்பிக்கையைச் சம்பாதிக்க அது இன்னும் பல்லாயிரம் மணி நேரம் பறந்தாக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.