அரண் வீரருக்கு வயதாகும்போது

மொழிபெயர்ப்பு மேஜையில் என்னைத் திணறடித்த சொற்களில் ஒன்று 'அஃபென்சிவ் லைன்மேன்'. லைன்மேன் என்றால் நமக்கு மின்கம்பத்தில் ஏறுகிறவர். அஃபென்சிவ் என்றால் 'தாக்குகிற' என்கிறது அகராதி. ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் இந்த மனிதரின் முக்கிய வேலை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மீது எதிரணியினர் வந்து விழாமல் மறித்து நிற்பது. தாக்கும் அணியில் இருந்துகொண்டு காவல் காக்கிறவர். கடைசியில் 'அரண் வீரர்' என்று எழுதினேன். திருக்குறளில் அரணுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது என்ற தைரியம்தான்.

களத்தில் இறங்கும் 11 பேரில் ஐவர் அரண் வீரர்கள். பலர் 140 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள். எறிந்த பந்தைப் பிடிக்கச் சாதாரணமாக விதி இவர்களை அனுமதிப்பதில்லை. நன்றாக ஆடினால் பெயரே காதில் விழாது. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டால்தான் நடுவர் ஒலிபெருக்கியில் அவர் எண்ணை அறிவிப்பார். இடது ஓரத்தில் நிற்கிற 'லெஃப்ட் டாக்கிள்' இன்னும் முக்கியமானவர். வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் கண்ணுக்குத் தெரியாத பக்கம். அங்கிருந்து வரும் இடியை அவர் பார்க்கவே முடியாது.

தேசியக் கால்பந்து லீகில் 1994 முதல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. மூத்தவர் ஒருவரைக் கழற்றிவிட்டால் அந்தப் பணத்தில் இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆண்டுதோறும் வசந்த காலத்தில் இந்த விவாதம் தவறாமல் வருகிறது: இன்ன அணி விடுவித்த 34 வயதுக்காரரை நம் அணி எடுக்கலாமா? 'அனுபவம்' என்கிறது ஒரு கட்சி. 'முழங்கால்' என்கிறது மறு கட்சி.

இரண்டு கட்சிக்கும் சாட்சி உண்டு. ஆலன் ஃபனேகா பிட்ஸ்பர்க் அணியில் பத்து ஆண்டுகள் ஆடிப் பெயரெடுத்தவர். 2010 ஏப்ரலில் நியூயார்க் ஜெட்ஸ் அவரை விடுவித்தது. அரிசோனா அணி எடுத்துக்கொண்டது. அவரும் ஆடினார், ஆனால் அணி 16 ஆட்டங்களில் ஐந்தில்தான் வென்றது. அவரை விட்ட ஜெட்ஸ் அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் வென்று அரையிறுதிக்குச் சமமான கட்டம் வரை போனது. ஃபனேகா அத்துடன் ஓய்வு பெற்றார். 2021-ல் லீகின் புகழ்மிக்கோர் மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அரிசோனாவுக்கு அதனால் லாபமில்லை.

ஆண்ட்ரூ விட்வொர்த் கதை வேறு. சின்சினாட்டி பெங்கால்ஸில் 11 பருவங்கள் ஆடியவர். அவருக்கு வயதாகிறது என்று 2015-லேயே முதல் இரண்டு சுற்றுகளில் இரண்டு இளம் டாக்கிள்களை அணி எடுத்து வைத்தது. 2017-ல் ஒப்பந்தம் முடிந்ததும் 35 வயதில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். முந்தைய ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி கண்டிருந்த ராம்ஸ் அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் வென்றது. 2016-ல் ஏழே ஆட்டங்களில் 26 முறை வீழ்த்தப்பட்டிருந்த இளம் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், 2017-ல் 15 ஆட்டங்களில் 25 முறைதான் வீழ்ந்தார். புதுப் பயிற்சியாளரும் வந்திருந்தார். எல்லாப் பெருமையும் விட்வொர்த்துக்கு இல்லை. ஆனால் சின்சினாட்டி 2018-ல் வேறு அணியிலிருந்து ஒரு லெஃப்ட் டாக்கிளை வாங்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் விளையாட்டு மோகம் மட்டுமல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழ் தன் புரூஃப் ரீடர்களைக் குறைத்தது. அப்படி வெளியே வந்த ஒருவரை எங்கள் டெல்லி அலுவலகத்தில் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. வயது 56. "நீங்க தமிழ் எம்.ஏ. பேசிப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் ஆசிரியர்.

பெரியவர் வந்தார். அச்சுக்குப் போகவிருந்த ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒன்பது பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். அதில் நான்கு என்னுடையவை. இரண்டு ஒற்றுப் பிழைகள்; முதுகலைப் பட்டத்துக்கு அழகல்ல.

"கண்ணெல்லாம் எப்படி இருக்கு அய்யா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டா நல்லாத் தெரியுது தம்பி."

'வயதாகிவிட்டது, கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்த நான்கு சுழிகள் என்னை உறுத்தின.

ஓர் இளைஞரைச் சேர்த்தார்கள். கெட்டிக்காரர். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானாகவே கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஒரு செய்தியில் இறந்தவர் பெயரும் இரங்கல் தெரிவித்தவர் பெயரும் இடம் மாறி அச்சாகிவிட்டன. மொழிபெயர்த்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து இடி வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே எடுக்கலாமா என்றால், எடுக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் மூன்று கேள்விகள் கேட்ட பிறகு. அவரை விடுவித்தது உடம்பா, உச்சவரம்பா? அவருக்குப் பதிலாக நம்மிடம் இருப்பவர் இப்போதே தயாரா, இல்லை, இரண்டு ஆண்டு கழித்துத் தயாராவாரா? அவர் ஆடுவதோடு பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லியும் கொடுப்பாரா? பதில்கள் சரியாக இருந்தால் ஓராண்டு ஒப்பந்தம் போதும். பழைய புகழுக்காக எடுப்பதும் தவறு. பிறந்த ஆண்டை மட்டும் பார்த்துத் தள்ளுவதும் தவறு. நான் இரண்டாவதைச் செய்தேன். அதுவும் நேர்மையாகச் செய்யவில்லை.

2022 பிப்ரவரி 14, திங்கட்கிழமை அதிகாலை 5 மணிக்கு சூப்பர் பௌல் பார்க்க எழுந்தேன். ராம்ஸை எதிர்த்தது, வேடிக்கையாக, அதே சின்சினாட்டி. அதன் குவார்ட்டர்பேக் ஜோ பரோ ஏழு முறை வீழ்த்தப்பட்டார். 23-20 என்று ராம்ஸ் வென்றது. இடது ஓரத்தில் 40 வயது விட்வொர்த் நின்றுகொண்டிருந்தார். இடையில் 2020-ல் முழங்கால் அடிபட்டுப் பல ஆட்டங்களை இழந்து திரும்பியவர். சில வாரங்களில் ஓய்வை அறிவித்தார்.

அன்று அலுவலகம் போய் அந்தச் செய்தியை நானே மொழிபெயர்த்தேன். 'அரண் வீரர்' என்றே எழுதினேன். இளைஞர், இப்போது அவ்வளவு இளைஞரில்லை, பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரே ஒரு சுழி இருந்தது. ஒற்றுப் பிழை. நன்றி சொன்னேன்.