அடைபட்ட துளை

பெற்றோலால் இயங்கும் ஓர் இயந்திரத்துக்குக் காற்று, எரிபொருள், அமுக்கம், தீப்பொறி என்னும் நான்கும் உரிய வேளையில் உரிய அளவிற் கிடைத்தல் வேண்டும் என்று பொறியியற் பீடத்தின் முதலாண்டிலே கற்றோம். இந்நான்கினுள்ளும் மனிதரை மிகுதியாக ஏமாற்றுவது எரிபொருளே என்பதை நான் அறிந்துகொண்டது விரிவுரை மண்டபத்தில் அன்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டமொன்றிலும், பின்னர் இங்கிலாந்தின் சிறு விமானத் திடலொன்றிலுமாகும். இவ்விரண்டுக்குமிடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலமும் ஒரு மனிதருக்கு நாம் இழைத்த அநீதி அநீதியென்றே அறியப்படாமற் கிடந்தது.

1995ஆம் ஆண்டு, சோளகம் வீசிய காலம். பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருமையாகிவிட்டது. நீரிறைக்கும் இயந்திரத்தைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவதே வழக்கம். வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த எங்கள் இயந்திரம் திடீரெனச் சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. கால்மணி நேரம் ஒழுங்காக ஓடும். பின்பு திணறி நின்றுவிடும். சற்றுப் பொறுத்து இழுத்தால் மறுபடியும் ஓடும். அப்பா பிளக்கைத் துடைத்தார். எண்ணெய்க் குழாயை ஊதினார். ஈற்றில் காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றினார். அதன் அடியில் இரண்டு மூன்று நீர்த்துளிகள் உருண்டு கிடந்தன.

“எண்ணெய்க்குத் தண்ணி கலந்திருக்கு” என்றார் அப்பா.

மண்ணெண்ணெய் வாங்கி வருபவர் பல ஆண்டுகளாக எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். “நான் அப்பிடிச் செய்யிற ஆளில்லை ஐயா. தம்பியும் என்னோடை வந்தவர்தானே, கேட்டுப் பாருங்கோ” என்று அவர் என்னைப் பார்த்தார். வழியில் அவர் எங்கும் நிற்கவில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அப்பாவின் சினத்துக்கு அஞ்சி வாய் திறந்தேனில்லை. அன்றோடு அவர் வேலையிழந்தார். புதிய எண்ணெயிலும் இயந்திரம் முன்போலவே நின்றது. எனினும் எவரும் அத்தீர்ப்பை மீள எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தது. இயந்திரம் கிணற்றடியிற் கிடந்தது. அவருடைய குடும்பம் எத்திசை சென்றதென்று நாம் அறியோம்.

2009இல் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தில் இருந்தபோது, ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தமது கார்க்கொட்டகையிலே விமானம் கட்டுவதை அறிந்து, விடுமுறை நாள்களில் அவருக்கு உதவப் போனேன். ஜோன் ரெயிலர் என்பவர் வடிவமைத்து 1959இல் முதன்முதற் பறந்த ஒற்றை இருக்கை மரவிமானத்தின் வரைபடங்களை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தார். இயந்திரமோ வொக்ஸ்வாகன் காரினது. எரிபொருள் தாங்கி விமானியின் முன்னே உயரத்தில் இருக்கும். அதிலிருந்து எரிபொருள் தன் நிறையினாலேயே காபரேற்றருக்கு இறங்கும். 1903இல் ரைட் சகோதரரின் விமானத்திலும் எரிபொருள் இவ்வாறே இறங்கியது.

அம்முதியவர் எதனையும் ஊகத்திற்கு விடமாட்டார். விமானம் செங்குத்தாக ஏறும்போது மூக்கு உயர, தாங்கிக்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு குறையும். ஆதலால் வாலைத் தாழ்த்தி மூக்கை உயர்த்தி நிறுத்திய பின்னரே எரிபொருளை ஒரு போத்தலில் வடித்து அளந்தார். இயந்திரம் முழுவலுவில் மணிக்கு 20 லீற்றர் குடிக்குமாயின், தன் நிறையால் இறங்கும் குழாய் அதன் ஒன்றரை மடங்காகிய 30 லீற்றரைத் தருதல் வேண்டும். அஃதாவது நிமிடத்துக்கு அரை லீற்றர். எங்கள் போத்தல் ஐம்பது செக்கனில் நிறைந்தது. புகைபோக்கியின் வெப்பத்தாற் குழாயினுள் எரிபொருள் ஆவியாகி வழியை மறிக்காதபடி, குழாய்க்குத் தீத்தாங்கும் உறையும் இட்டிருந்தோம்.

ஆயினும் வர்ணம் பூசி முடித்தபின் தரையில் ஓட்டிப் பார்த்தபோது, இயந்திரம் சில நிமிடங்கள் ஓடித் திணறி நின்றது. சற்றுப் பொறுத்து முடுக்க, மறுபடியும் ஓடிற்று, மறுபடியும் நின்றது. வடியில் அழுக்கில்லை, கிண்ணத்தில் நீரில்லை. முதியவர் தாங்கியின் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்தது. வர்ணம் படாதிருக்க ஒட்டிய நாடாத் துண்டொன்று மூடியின் காற்றுத் துளையை அடைத்திருந்தது.

அவ்வோசையைக் கேட்டதும் நான் நிலைகுலைந்தேன். அப்பா எண்ணெய் நிரப்ப மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதே ஓசையை நான் கேட்டிருந்தேன். சோளகக் காற்றில் எழும் செம்மண் தூசி படாதிருக்க அம்மூடியைப் பொலித்தீனாற் போர்த்தி, சைக்கிள் ரியூப் வளையத்தால் இறுக்கிக் கட்டியவன் நானே. எரிபொருள் இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிடின் தாங்கியினுள் அமுக்கம் குறையும். ஒரு சாண் உயர மண்ணெண்ணெயைத் தடுத்து நிறுத்த, வளிமண்டல அமுக்கத்தில் நூற்றில் இரண்டு பங்கு குறைந்தாலே போதும். இயந்திரம் நின்ற பின் கசிவுகளூடே காற்று மெல்ல நுழைய, எரிபொருள் மறுபடி இறங்கும். பீப்பாவின் ஈரத்தால் வந்திருக்கக்கூடிய அத்துளி நீர் ஒரு குறையே; காரணம் அன்று. கால்மணிக்கொருமுறை கணக்குத் தவறாமல் நிற்க நீருக்குத் தெரியாது. கண்ட முதற் குறையையே காரணமெனக் கொண்டு நாங்கள் தேடுதலை நிறுத்திவிட்டோம்.

தோட்டத்தில் நின்ற இயந்திரத்தைப் பொறுத்திருந்து இழுக்கலாம். வானில் அது இயலாது. 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், மற்றொருவர் கட்டிய சிறு விமானத்தில் கடலில் வீழ்ந்து இறந்தார். வரைபடத்திற் கால்களிடையே அமையவேண்டிய எரிபொருள் மாற்று வால்வின் பிடி, அவ்விமானத்தில் இடத்தோளின் பின்னே இருந்தது. அதனைத் திருப்ப முயன்றபோது சுக்கானை அறியாது மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என விசாரணையாளர் முடிவு செய்தனர். எரிபொருட் கோளாறு தரையிலேயே, பொறுமையோடு, தாங்கியின் மூடி முதலாகத் தேடப்படல் வேண்டும்.

அன்றிரவே அப்பாவுடன் தொலைபேசியிற் பேசி எல்லாவற்றையும் சொன்னேன். என் மௌனத்தையும் சொன்னேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அந்தாள் இப்ப எங்கையெண்டு விசாரிச்சனியோ?” என்று மட்டும் கேட்டார்.

விசாரித்தேன். அப்பா மறைந்த பின்னரும், ஊருக்குப் போகும்போதெல்லாம் விசாரித்து வருகிறேன்.