மலைக் குளிரில் ஒரு தூளி

சிலிபின் வட்டாரத்து மக்களுக்கு மலை புதிதல்ல. மேற்கே கிளேடாங் குன்று, 808 மீட்டர். கிழக்கே, மேகம் விலகிய காலை வேளைகளில் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாய் நீண்டு கிடக்கும். அந்தத் தொடரில்தான் கோர்பு மலை இருக்கிறது. உயரம் 2,183 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த தஹான் மலையைவிட நான்கே மீட்டர்தான் குறைவு.

ஒரு காலத்தில் நம்மவர்கள் மலைக்குப் போனார்கள் என்றால் அது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போனதாகத்தான் இருக்கும். இன்று ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடுமுறையில் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். உடம்புக்கும் மனத்துக்கும் நல்லதுதான். ஆனால் மலையில் இரவு தங்குவது பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

மலைச்சரிவில் கூடாரம் போடச் சமதரை கிடைப்பது அரிது. வேரும் சேறும் அட்டையும்தான். அதனால் பலர் இரண்டு மரங்களுக்கு இடையே தூளி கட்டி, மேலே ஒரு கித்தானை விரித்துத் தூங்குகிறார்கள். குழந்தையைப் புடவையில் போட்டு நாம் ஆட்டினோமே, அதே தூளிதான். இப்போது நைலான் துணியில் தைத்து 'ஹேமக்' என்று கடையில் விற்கிறார்கள்.

குளிர் எவ்வளவு இருக்கும்? உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். ஈப்போவில் இரவு 24 டிகிரி என்றால் கோர்பு உச்சியருகே 11 அல்லது 12 டிகிரிதான். காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகவே தோன்றும்.

தூளியில் படுப்பவருக்கு முதலில் குளிர்வது முதுகு. கம்பளியானாலும் தூக்கப் பையானாலும் அதன் கதகதப்பு, உள்ளே அடைந்திருக்கும் காற்றினால் வருவது. படுத்தவுடன் உடல் பாரத்தால் அடிப்பக்கம் நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. துணிக்குக் கீழே தரையும் இல்லை. காற்று வீசி வீசிச் சூட்டை எடுத்துச் செல்கிறது. மேலே இரண்டு போர்வை கூடுதலாகப் போட்டும் பயன் இல்லை. முதுகுக்குக் கீழே ரப்பர் நுரைப் பாய் ஒன்று வேண்டும். இல்லையேல் தூளிக்கு வெளியே, அடிப்பக்கத்தில், நசுங்காமல் தொங்கும்படி ஒரு மெத்தைப் போர்வையைக் கட்டவேண்டும்.

அடுத்த எதிரி தண்ணீர். மழையே பெய்யாத இரவிலும் காலையில் போர்வை நனைந்திருக்கும். லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். விடியற்காலையில் தகரக் கூரையின் உள்பக்கம் முத்து முத்தாய் நீர் கோத்திருக்குமே! மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் ஆள் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். அந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டதும் நீராகிறது.

குளிருக்குப் பயந்து கித்தானை நாலாபுறமும் இழுத்து மூடுவதும், பிளாஸ்டிக் விரிப்பை உடம்பில் சுற்றிக்கொள்வதும் இந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயவைத்தவர்களைக் கேளுங்கள். நெருப்பு மட்டும் இருந்தால் போதாது; ஈரம் வெளியேற மேலே வழி இருக்கவேண்டும். தூளிக்கும் அதே கணக்குத்தான். காற்று வரும் பக்கம் கித்தானைத் தாழ்த்திக் கட்டி, மறுபக்கம் சற்றுத் திறந்து விடுங்கள். போர்வைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள். தலைக்குக் கம்பளித் தொப்பி போதும். தூளிக் கயிற்றில், துணிக்குச் சற்று முன்னால், சிறு நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் கயிற்றில் வழியும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஏறி வந்த வியர்வைச் சட்டையோடு படுக்கவே கூடாது. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாய் உடற்சூட்டை இழுக்கும். உலர்ந்த சட்டையும் காலுறையும் ஒரு சோடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, தூங்குவதற்கென்றே தனியாக வைத்திருக்கவேண்டும். படுக்குமுன் சூடாக ஏதாவது சாப்பிடுவது நல்லது.

இடம் தேர்வதிலும் கவனம் வேண்டும். பள்ளத்தின் அடியில் குளிர்காற்று தேங்கும். ஆற்றோரத்தில் ஈரம் மிகுதி. மேல்மலையில் மழை பெய்தால், மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளமும் வரலாம். பட்டுப்போன மரத்தில் கட்டாதீர்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு: கொஞ்சம் மது உள்ளே போனால் குளிர் ஓடிவிடும் என்று. அது தவறு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு ஏறுவதுபோல் தோன்றும், ஆனால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போய்விடும். மூடிய கித்தானுக்குள் கரியடுப்பு மூட்டுவது அதைவிட ஆபத்து. அதன் நச்சுவாயுவுக்கு வாசனையே இல்லை, தூங்குபவர் எழுந்திருக்கமாட்டார்.

கூட வந்தவர் விடாமல் நடுங்குகிறாரா, பேச்சுக் குழறுகிறதா, கால் தடுமாறுகிறதா? உடனே ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் சுற்றி, முழு நினைவோடு இருந்தால் இனிப்பான சூடு பானம் கொடுத்து, உதவிக்கு ஆளனுப்புங்கள். நடுக்கம் தானாக நின்று மயக்கம் வந்தால், குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். உயிருக்கு ஆபத்தான கட்டம் அதுதான்.

முதன்முறை போகிறவர்கள் கோர்புவுக்கு ஓடவேண்டாம். அது வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் ஏறவேண்டிய மலை. சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கேமரன் மலைக்குப் போய், தானா ராத்தா பக்கத்தில் அனுமதியுள்ள இடத்தில் ஓர் இரவு தூளி கட்டிப் பழகட்டும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். குளிர் என்னவென்று தெரியும். தாங்கமுடியாவிட்டால் நடந்துபோய் ஒரு கடையில் தேநீர் குடிக்கலாம்.

பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, "சோறு கட்டிக்கொண்டாயா?" என்று கேட்கும் தாய்மார்களே, கூடவே இதையும் கேளுங்கள்: "முதுகுக்குக் கீழே என்ன போடப்போகிறாய்? மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை இருக்கிறதா?"