ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பாலம்

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் செல்லும் இரவு வண்டியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள். படகு போய்விட்டது, தபாலும் போய்விட்டது. பெயர் மட்டும் ஒவ்வொரு பின்னிரவிலும் புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் சில நிமிடங்கள் நின்றுவிட்டுப் போகிறது. சென்ற ஆண்டு, 2025இல், ஓர் இரவு அம்மாவைக் கைபிடித்து அந்த வண்டியில் ஏற்றினேன். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. கண்ணழுத்த நோயால் பார்வை பெருமளவு குறைந்துவிட்டது. இருந்தும் ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்றாள்.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவளுடைய அப்பா, என் தாத்தா, 1930களில் சிறுவனாகப் பெற்றோருடன் போனவர். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து மானாமதுரைக்கு 1930இலும் பாதை போடப்பட்டுவிட்டதால், மழை பொய்த்த எங்கள் சீமையிலிருந்து தோட்டத்துக்குப் போவது எளிதாகிவிட்டது. மண்டபம் முகாமில் தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பிறகு பாம்பன் பாலம், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். போகும்போது பாலத்தில் வண்டி ஊர்ந்ததையும், கீழே பலகைகளுக்கு இடையில் கடல் தெரிந்ததையும் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டியை, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, கடல் கொண்டுபோனது. இரண்டு மாத இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டும் எங்கள் குடும்பக் கதையில் ஒன்றாகவே கலந்துவிட்டன. ஒன்று அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னது. மற்றொன்று போகும் வழியை மாற்றியது. 1971இல் அவர்கள் திரும்பியபோது தனுஷ்கோடித் துறைமுகம் இல்லை. கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. அங்கிருந்து கரி எஞ்சின் இழுத்த மீட்டர் கேஜ் வண்டியில் மண்டபம் முகாமுக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாத்தா தடுப்பூசி போட்டுக்கொண்ட அதே முகாம்.

அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ‘தாய்நாடு’ என்று எல்லோரும் சொல்லிய இடத்தை அவள் முதலில் பார்த்தது அந்தப் பாலத்தின் மேலிருந்துதான். “மலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரு மேடுகூட இல்லாத இந்தக் கரையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பாலம் முடியாமலே இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்” என்று ஒருமுறை சொன்னாள். ஊரில் எங்கள் வீட்டுக்கு நீண்ட காலம் ‘சிலோன்காரவீடு’ என்றே பெயர். இலங்கையில் இந்தியர்கள், இந்தியாவில் சிலோன்காரர்கள். அவர்கள் இரண்டுமாக இல்லாமல், எதிர்பார்ப்பு மட்டுமே உள்ளவர்களாக இருந்த இடம் அந்த இரண்டு கிலோமீட்டர் இரும்புதான்.

அந்தப் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு கண்களும், நடுவில் கப்பல்களுக்கு வழிவிட இரண்டு இலைகளாகப் பிரிந்து மேலெழும் ‘ஷெர்சர்’ வகைத் தூக்குப் பகுதியும் கொண்டது. அந்த இலைகளை மின்சாரம் திறக்கவில்லை. இருபுறமும் தொழிலாளர்கள் நின்று நெம்புகோல்களைக் கையால் சுழற்றித்தான் திறந்தார்கள். 1964 புயலில் கர்டர்களில் பெரும்பகுதி கடலில் விழுந்தும் தூக்குப் பகுதி நின்றது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. விழுந்த கர்டர்களைக் கடலுக்கடியிலிருந்து தேடி எடுக்க மீனவர்களின் அறிவு உதவியது. 2007 ஆகஸ்டில், 1,000 மில்லிமீட்டர் அகலப் பாதைக்காகக் கட்டிய அதே பாலத்தை வலுப்படுத்தி, 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையை அதன் மேல் போட்டார்கள். அம்மா வந்த வண்டியின் இனமே அதோடு தீவிலிருந்து மறைந்தது.

“ஒருதடவை அந்தப் பாலத்தில் போய் வரவேண்டும் தம்பி” என்று அம்மா பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராமேஸ்வரம் எங்களுக்கு ஓர் இரவுப் பயணம்கூட இல்லை. புதுக்கோட்டையில் ஏறினால் காலை உணவுக்கு அங்கே இருக்கலாம். அருகில் இருப்பதாலேயே அதைத் தள்ளிப்போட முடிந்தது. பிள்ளைகளின் தேர்வு, வீட்டு வேலை, விடுப்பு இல்லை. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டு சில மாதங்கள் ரயில் நிறுத்தப்பட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. 2022 டிசம்பரில் மீண்டும் பழுது தெரிந்து நிறுத்தினார்கள். இம்முறை நிறுத்தம் இறுதியானது. நூற்றெட்டு ஆண்டு ஓட்டம் விழாவோ விடைபெறலோ இல்லாமல், ஒரு பராமரிப்பு அறிவிப்போடு முடிந்துபோனது. அடுத்த ஆண்டு அம்மாவின் பார்வை குறையத் தொடங்கியது. இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றார் மருத்துவர்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. உப்புக் காற்றில் இரும்பை அரித்துத் தின்னும் கடல் அது. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். தாண்டாத நாளிலும் ஊர்ந்தே போகவேண்டும். புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. துருப்பிடிக்காத கம்பிகள், நீடித்து உழைக்கும் வண்ணப் பூச்சு, இரண்டாம் பாதைக்கும் இடம் வைத்த அடித்தளம். தீவில் வாழ்பவர்களுக்கும், நோயாளியை மதுரைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும், மீன் ஏற்றுபவர்களுக்கும் வேண்டியது இதுதான். நினைவுக்காக யாரையும் அபாயமான பாலத்தில் பயணம் செய்யச் சொல்ல முடியாது.

ஆனால் புதியது வந்ததும் பழையதை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. பழைய பாலத்தை அகற்றும் திட்டம் பற்றிய செய்திகளைப் படித்தபோது, இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியுள்ள வைட் தீவைப் பற்றி வாசித்தது நினைவுக்கு வந்தது. அங்கே ரைட் துறையிலிருந்து ஷாங்ளின் வரை பதினான்கு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான ஒரு ரயில் பாதை இருக்கிறது. வழியிலுள்ள சுரங்கம் தாழ்வானது. சாதாரணப் பெட்டிகள் நுழையமாட்டா. ஆகவே 1966 இறுதியில் நீராவி வண்டிகள் நின்றபின், லண்டன் பாதாள ரயிலில் ஓடித் தேய்ந்த குள்ளப் பெட்டிகளைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். 1938ஆம் ஆண்டு வகைப் பெட்டிகள் அங்கே 2021 ஜனவரி வரை ஓடின. பிறகு பாதையைச் சீரமைத்து அதே ஆண்டு நவம்பரில் ‘புதிய’ வண்டிகளை விட்டார்கள். அவையும் லண்டனில் 1980ஐ ஒட்டி ஓடத் தொடங்கிய பெட்டிகளைப் புதுப்பித்துச் செய்தவையே.

என்னைக் கவர்ந்தது அதுவல்ல. அதே தீவில், கைவிடப்பட்ட இன்னொரு பாதையில், ஆர்வலர்கள் 1971 முதல் பழைய நீராவி வண்டிகளைக் காத்து ஓட்டிவருகிறார்கள். அம்மா இந்தக் கரைக்கு வந்த ஆண்டு. ஓய்வுபெற்ற பாதாள ரயில் வண்டி ஒன்றும் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. இரண்டு பாதைகளும் தொடும் ஸ்மால்புரூக் என்னும் இடத்தில் 1991இல் ஒரு நிலையம் கட்டினார்கள். அதற்கு ஊர் கிடையாது, வெளியே போகச் சாலை கிடையாது. அன்றாட வண்டியிலிருந்து பழைய வண்டிக்கு மாறுவதற்கென்றே ஒரு நிலையம். மேம்படுத்துவதும் பாதுகாப்பதும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நண்பர் ஒருவர் சொன்னார். புதுக்கோட்டையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பொன்மலைப் பணிமனையை அவருக்கு நினைவூட்டினேன். நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் அங்கே புதிதாகவே செய்திருக்கிறார்கள். 2005இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்த அந்த ரயில் இன்றும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது. கையும் அறிவும் நம்மிடம் இருக்கின்றன. எதைக் காக்கவேண்டும் என்ற தீர்மானம்தான் சுற்றுலா வரும் இடங்களோடு நின்றுவிடுகிறது. மலை ரயிலில் ஏறியவர்கள் மகிழ்ச்சிக்காக ஏறினார்கள். பாம்பன் பாலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகவோ பிதுர்க் கடனுக்காகவோ போனவர்கள். அவர்கள் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

கடல் நடுவே பாலம் முழுவதையும் என்றென்றைக்கும் நிறுத்திவைப்பது இயலாது என்று எனக்குப் புரிகிறது. நான் கேட்பது சிறிது. தூக்குப் பகுதியின் ஓர் இலையாவது கரையில் நிற்கட்டும், தொழிலாளர்கள் சுழற்றிய நெம்புகோல்களுடன். அதன் அருகே ஒரு மீட்டர் கேஜ் பெட்டி, மரப்பலகை இருக்கைகளோடு. பெட்டிக்குள், அந்த வழியாகப் போனவர்களும் வந்தவர்களும் சொல்லிய சொற்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் மாவட்டத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் குறைகிறார்கள். இரும்பை விட வேகமாக அரிபடுவது அதுதான்.

மண்டபம் தாண்டியதும் அம்மாவை எழுப்பவேண்டியிருக்கவில்லை. விழித்துத்தான் இருந்தாள். வண்டி பாலத்தில் ஏறியது. சத்தம் குறைவாக இருந்தது. காலை வெளிச்சத்தில் ஜன்னலுக்கு வெளியே, சற்றுத் தள்ளி, ரயில் வராத பழைய பாலம் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

“பழைய பாலம் தெரிகிறதா அம்மா?” என்று கேட்டேன்.

“கருப்பாக ஏதோ ஓடுகிறது. அதுதானா?”

“அதுதான்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளிக்காற்றில் வைத்தாள். சற்று நேரம் கழித்து, “அன்றைக்கு எங்கள் வண்டி இவ்வளவு வேகமாகப் போகவில்லை. அழுது முடிக்க நேரம் இருந்தது” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. தூக்குப் பகுதியைக் கடக்கும்போது வண்டி கொஞ்சம் நிதானித்தது. அதற்குள் தீவு வந்துவிட்டது.