மசூரி மலைமேல் சில பாடசாலைகள்

டேராடூன் புகைவண்டி நிலையத்திலிருந்து மசூரி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்து ராஜ்பூர்ப் பக்கத்தைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. எங்களுடன் வந்த குழந்தைகள் இருவருக்கு அங்கேயே தலைச்சுற்றலும் தொடங்கிவிட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

முற்காலத்தில் இந்த ராஜ்பூரிலிருந்துதான் பள்ளிப் பிள்ளைகள் மலையேறினர். டேராடூனுக்கு இருப்புப்பாதை வந்ததே 1900-இல்தான். அதற்கு முன் சமவெளியில் இறங்கி, சிவாலிக் குன்றுகளைக் குதிரை வண்டியில் கடந்து, ராஜ்பூரிலிருந்து மட்டக்குதிரை மீதோ, ஆட்கள் தோளில் சுமக்கும் டாண்டியிலோ செல்ல வேண்டும். எட்டு வயதும் ஒன்பது வயதுமான பிள்ளைகள் மார்ச்சு மாதத்தில் இவ்வாறு மேலே போனால், அவர்களுட் பலர் தாய் முகத்தை மீண்டும் காண்பது டிசம்பரில்தான். மலைப் பள்ளிகளின் ஆண்டுக் கணக்கு இன்றும் பெரும்பாலும் அதுவே. கோடையில் பாடம், குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை.

மசூரி பழமையான ஊரன்று. 1823-இல் ஷோர், யங் என்னும் இரு கும்பினி அதிகாரிகள் வேட்டைக்காக இங்கே ஒரு குடிசை கட்டினர். 1827-இல் அடுத்த மேடாகிய லண்டூரில், நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்கான பாசறை அமைந்தது. சிப்பாய்க்குப் பின்னே கடைக்காரரும், கடைக்காரருக்குப் பின்னே உபாத்தியாயரும் வந்தனர். ஜான் மக்கின்னன் என்பவர் மீரட்டில் நடத்திய பள்ளியை 1834-இல் இங்கே கொண்டு வந்து, 'மசூரி செமினரி' என்னும் பெயரில் நடத்தினார். இமயமலைப் பகுதியில் முதல் ஆங்கிலப் பள்ளி இதுவே என்பர். இந்த மக்கின்னன் பிற்காலத்தில் பீர் வடிக்கும் தொழிலில் இறங்கினார். அவர் குடும்பத்தின் பெயர் ஊரில் நிலைத்தது பள்ளியாலன்று, பீராலேயே. கல்வியைவிட அதில் வருவாய் மிகுதி என்பதை அவர் விரைவிலேயே கண்டிருக்க வேண்டும்.

தனியார் பள்ளி என்பது அக்காலத்தில் பெரும்பாலும் ஒரு மனிதரின் வீடுதான். பாதிரியார் ஒருவரோ, ஓய்வு பெற்ற அதிகாரியின் மனைவியோ ஒரு பங்களாவை வாடகைக்கு எடுப்பார். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளி. நடத்துபவர் இறந்தாலோ, தாயகம் திரும்பினாலோ பள்ளியும் முடிந்தது. மேடக் பாதிரியாரின் பள்ளி அக்காலத்தில் பெயர் பெற்றது. அதன் இடத்தில் எழுந்ததுதான் 1902-இல் திறக்கப்பெற்ற சவாய் ஹோட்டல். ஓர் அமைப்பின் பொறுப்பில் இருந்தவையே நிலைத்தன. கன்னிமாடத்துச் சகோதரிகள் 1845-இல் தொடங்கிய வேவர்லி பெண்கள் பள்ளி, 1853-இல் தோன்றிய புனித ஜார்ஜ் கல்லூரி, 1854-இல் பெண்களுக்காகத் தொடங்கிய உட்ஸ்டாக் பள்ளி ஆகிய மூன்றும் இன்றும் நடைபெறுகின்றன.

இத்தனை பள்ளிகள் ஒரு மலைமேல் ஏன் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். சமவெளியில் காய்ச்சலும் வாந்திபேதியும் வெள்ளைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின என்பது ஒன்று. பெரிய உத்தியோகஸ்தர்கள் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிவிடுவர். அதற்கு வசதியில்லாத குமாஸ்தாக்களும் இரயில்வே ஊழியர்களும் என்ன செய்வார்கள் என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் நம் போன்றோர் கூர்ந்து கவனிக்கத் தக்கது. ஆயாவின் மடியில் வளர்ந்த குழந்தைகள் ஆங்கிலத்துக்கு முன்பே இந்துஸ்தானியைப் பேசத் தொடங்கின. பிறகு பேசிய ஆங்கிலத்திலும் இந்நாட்டு ஓசை ஒட்டிக்கொண்டது. அதனைச் 'சீ-சீ' ஆங்கிலம் என்று துரைசானிகள் இகழ்ந்தார்கள். அந்த ஓசையைத் தேய்த்துக் கழுவுவதற்கென்றே மாதாமாதம் பணம் கட்டிய பெற்றோர் உண்டு. 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கல்கத்தா பிஷப்பாக இருந்த காட்டன், மலைப் பள்ளிகள் பெருக வேண்டுமென்று முயன்றார். 1860-இல் கானிங் பிரபு அம்முயற்சியை ஆதரித்தார். கல்வியற்ற ஏழை வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் ஊரெங்கும் திரிந்தால் ஆட்சிக்கே இழுக்கு என்ற அச்சமும் அதில் இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கோ அப்பள்ளிகளின் கதவுகள் பெரும்பாலும் நெடுங்காலம் திறக்கவில்லை.

மலையின் கீழ்ச்சரிவில், ஜாரிபானியில் உள்ள ஓக் குரோவ் பள்ளியைப் பற்றி இரயில்வேக் குடும்பத்தினர்க்கு ஒரு சொல். கிழக்கிந்திய இரயில்வே தன் ஊழியரின் பிள்ளைகளுக்காக 1888-இல் இதனை ஏற்படுத்திற்று. இப்போது வடக்கு இரயில்வேயின் பொறுப்பில் நடைபெறுகிறது. முற்காலத்தில் நம்மவர் பிள்ளைகள் எட்டிப் பார்க்கவும் இயலாதிருந்த வகுப்புகளில் இன்று எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

இவ்வூரில் ஒரே ஒரு மாணவருக்காக நடந்த பள்ளியும் உண்டு. லண்டூர்ப் பக்கம் காசில் ஹில் என்று ஒரு குன்று. பிற்காலத்தில் சர்வே ஆஃப் இந்தியாவின் வசமாயிற்று. 1852, 1853 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் அங்கே தங்கியிருந்தவர் பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங். 1849-இல் கும்பினியார் நாட்டைப் பறித்தபோது அவருக்கு வயது பத்து. அதற்கு முன்பே அவருடைய தாய் ராணி ஜிந்தானைப் பிரித்துவிட்டிருந்தனர். சிறுவரை பதேகரில் குடியமர்த்தி, டாக்டர் லாகின் என்பவரைக் காப்பாளராக நியமித்தனர். ஆங்கிலம் கற்பிக்கத் தனி ஆசிரியர், கோடையில் மசூரி வாசம், விளையாட வெள்ளைக்காரச் சிறுவர்கள், கிரிக்கெட்டு, இசை. எதிலும் குறை வைக்கவில்லை. லாகின் தம்பதியர் அவரிடம் உண்மையான அன்பு கொண்டிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் முதற் கோடைக்கும் இரண்டாம் கோடைக்கும் இடையில், 1853 மார்ச்சில், அவர் கிறித்தவரானார். 1854-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். தாயை மீண்டும் கண்டது 1861-இல், கல்கத்தாவில் ஒரு ஹோட்டலில். அப்போது ராணிக்குக் கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், இலண்டனில், அவர் காலமானார்.

காசில் ஹில் பக்கத்துச் சாலையில் நின்று இக்கதையை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒரு தாயார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மகனுக்கும் வயது பத்து. அவனை இங்குள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்காகவே அக்குடும்பம் எங்களுடன் வந்திருந்தது. தந்தையார் மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்பவர். ஐந்தாண்டுகளில் பையன் மூன்று பள்ளிகள் கண்டுவிட்டான். ஆண்டுக்குச் சில இலட்சம் ஆனாலும் ஒரே இடத்தில் படிப்பு நடக்கட்டும் என்பது தந்தையாரின் வாதம். அது வெறும் ஆடம்பர ஆசை என்று எங்களால் தள்ளிவிட முடியவில்லை.

மறுநாள் அப்பள்ளியின் அலுவலகத்தில் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்கள். பிள்ளைகள் தவறாமல் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதும் அங்கு ஒரு வழக்கம். "தமிழில் எழுதலாமா?" என்று அந்த அம்மையார் கேட்டார். எந்த மொழியிலும் எழுதலாம் என்று விடை வந்தது. அதன் பிறகே அவருக்கு வேறொன்று தோன்றியது போலும். பையன் வீட்டில் தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. கும்பகோணத்தில் இருக்கும் பாட்டிக்கோ தமிழ் தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாது. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் தனி வாத்தியார் வைத்திருக்கிறோமே, இதற்கு வைக்கவில்லையே என்று வெளியே வந்ததும் கணவரிடம் மெதுவாகச் சொன்னார். டில்லித் தமிழர் 1923-இல் மதராசி கல்விச் சங்கத்தை நிறுவியபோது இருந்த கவலை இதுதானே என்று எங்களுள் மூத்தவர் ஒருவர் நினைவூட்டினார்.

அன்று மாலை லண்டூர் மேட்டில் கெல்லாக் நினைவு ஆலயம் வரை நடந்தோம். அமெரிக்கப் பாதிரியாரான கெல்லாக், ஹிந்தி மொழிக்கு 1876-இல் விரிவான இலக்கணம் எழுதியவர். 1899-இல் இம்மலையிலேயே சைக்கிள் விபத்தில் இறந்தார். அவர் பெயரால் அமைந்த ஆலயத்தில் மொழிப் பள்ளி ஒன்று நடைபெறுகிறது. முன்பு மிஷனரிமார் கோடைதோறும் வந்து ஹிந்தி பயின்றனர். இப்போது பல நாட்டார் வருகின்றனர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டு முன்ஷிகள் வெள்ளைக்கார இளைஞர்களுக்கு வீடு தேடிச் சென்று பாடம் சொன்னார்கள். மாதச் சம்பளம் சொற்பம். ஆனால் மொழித் தேர்வில் தேறாத அதிகாரிக்கு உயர்வு கிடைப்பது அரிதாகையால், முன்ஷியின் அதட்டலுக்குத் துரையும் அடங்கித்தான் இருக்க வேண்டும். சீமைப் பட்டாளத்துக்காரர் நாற்பது வயதில் அலிஃப், பே எழுதிப் பழகியதை எண்ணி நாங்கள் சிரித்தோம். பையனும் சிரித்தான்.

இறங்கும் வழியில் லண்டூர்க் கடைத்தெருவில் அந்தத் தாயார் இரட்டைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள் இரண்டு வாங்கினார். பையனைச் சேர்ப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை. பள்ளி ஆண்டு தொடங்குவது மார்ச்சில்தான். அதற்குள் உயிர்மெய் வரிசை முடிந்துவிடும் என்கிறார் அவர். 'ஙு', 'ஞூ' வந்ததும் பையன் முரண்டு பிடிக்கிறானாம்.