பூனாவில் ஒரு விளக்கு

"புனேக்குப் போய் நல்லதாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஆசிரியர் உத்தரவு போட்ட அன்று மாலையே அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது.

"ஏண்டா, பூனாவுக்குப் போகிறாயாமே? அந்தப் பெண்ணைப் பார்த்து நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு வா. லட்சணமான உத்தியோகத்தை விட்டுவிட்டு, விளையாட்டுச் செய்யப் போகிறேன் என்கிறாள். விளையாட்டு ஆடுவது தெரியும். விளையாட்டுச் செய்வதாவது! வருகிற வரன் வீட்டாரிடம் நான் என்னவென்று சொல்லட்டும்?"

அக்கா பெண் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படித்தவள். புனேயை அடுத்த ஹிஞ்சவடியில் ஒரு பெரிய கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவள் சொன்னால் தட்டமுடியாது. ஆகவே ஆசிரியர் கொடுத்த குறிப்புப் புத்தகம் ஒரு கையிலும், அக்கா கொடுத்த முறுக்கு டப்பா மறு கையிலுமாக ரயில் ஏறினேன்.

சென்னையிலிருந்து புனேக்கு ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவுமான பிரயாணம். குண்டக்கல், ராய்ச்சூர் என்று வெயில் காய்ந்த பூமியெல்லாம் தாண்டி, போர்வைக்குப் பெயர்போன சோலாப்பூரையும் கடந்தால், காற்றில் மெதுவாக ஒரு குளுமை தட்டுகிறது. கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது புனே. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது என்றைக்கும் பூனாதான்.

முதல் நாள் ஊர் பார்த்தேன். சனிவார் வாடா என்ற பேஷ்வாக்களின் அரண்மனை 1732-ல் கட்டி முடிந்தது. உள்ளே இருந்த மாளிகைகளை 1828-ல் தீ தின்றுவிட்டது. மிஞ்சியவை மதில்களும் வாசல்களும்தாம். யானை வந்து முட்டாதிருக்கக் கதவில் இரும்பு முட்கள் பதித்திருக்கிறார்கள். பிறகு பார்வதி குன்றில் 103 படி ஏறி இறங்கினேன். இறங்கியதும் மஸ்தானி என்ற பானம் ஒரு பெரிய கிளாஸ் சாப்பிட்டேன். கெட்டிப் பாலும் ஐஸ் கிரீமும் சேர்ந்த அந்த வஸ்து ஏறிய சிரமத்தை மறக்கடித்துவிட்டது.

மறுநாள் காலை கோத்ரூட் பகுதியில் அக்கா பெண்ணின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். இரண்டாம் மாடி. பால்கனியில் துணிகள் காய்ந்தன. கூடத்தில் சோபா கிடையாது. அதற்குப் பதில் நான்கு மேஜை, நான்கு கம்ப்யூட்டர், நான்கு இளைஞர்கள். அதில் இரண்டு பேர் பெண்கள்.

"வாங்க மாமா! அம்மா முறுக்கு கொடுத்து அனுப்பினாளா, புத்தி சொல்லி அனுப்பினாளா?" என்றாள்.

"இரண்டும்தான். முதலில் முறுக்கு" என்றேன்.

முறுக்கு காலியாகும் வரையில் நானும் சும்மா இருக்கவில்லை. மனத்தில் உறுத்திய கேள்வியைக் கேட்டுவிட்டேன். "இதெல்லாம் அந்தப் பணம் கட்டி ஆடுகிற ரம்மி சமாசாரம் இல்லையே?"

அவள் சிரித்துவிட்டாள். "எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், மாமா. அது சூதாட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுப்பதற்கு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் போட்டது. நாங்கள் செய்வது கதை மாதிரி, சினிமா மாதிரி. ஒரே வித்தியாசம், சினிமாவில் கதாநாயகி தானே நடப்பாள். இங்கே நீங்கள் நடத்தினால்தான் நடப்பாள்."

அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு இதுதான்: பழைய காலத்து வாடா வீடு ஒன்று. இரவு. மின்சாரம் போய்விட்டது. பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி கையில் எண்ணெய் விளக்குடன் அறை அறையாகப் போய், பாட்டி மறந்து வைத்த பொருள்களைத் தேடுகிறாள். விளக்கு அணையாமல் வீட்டைச் சுற்றிவர வேண்டும். அவ்வளவுதான். போனை என் கையில் கொடுத்தாள். விரலால் தொட்ட திசையில் சிறுமி நடந்தாள். சுவரில் அவள் நிழல் கூடவே நடந்தது. ஏனோ எனக்கு எங்கள் பாட்டி வீட்டு ரேழி ஞாபகம் வந்தது.

"இதில் உன் வேலை என்ன?"

"அந்த நிழல், மாமா!" என்றாள் பெருமையாக.

ஒரு விநாடியில் அறுபது படங்கள் மாறினால்தான் கண்ணுக்கு ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகுமாம். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம், விநாடியை ஆயிரமாக வகுத்ததில் பதினாறு பங்குக்குச் சற்று அதிகம். அதற்குள் விரல் எங்கே தொட்டது, சிறுமி எங்கே நகர வேண்டும், எதிரே சுவர் இருக்கிறதா, வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று கணக்கெல்லாம் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் படம் திக்கும். விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் இது சுலபம். பால்காரர் சட்டைப் பையில் இருக்கிற எட்டாயிரம் ரூபாய் போனில் அந்த நிழலை விழவைப்பதற்கு அவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்றாம். பள்ளிக்கூடத்தில் நாம் வெறுத்த ஜியோமிதி இருக்கிறதே, அதுதான் இவளுக்குச் சோறு போடுகிறது.

*

சோறு போடுகிறதா? அதைத்தானே அக்கா கேட்டனுப்பினாள்!

நம் நாட்டில் இந்தத் தொழில் புதிதல்ல. 1997-லேயே பெங்களூரில் ராஜேஷ் ராவ் என்பவர் துருவா இன்டராக்டிவ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஆனால் வெகு காலம் வரை இங்கே நடந்தது பெரும்பாலும் வெளிநாட்டாருக்கு வேலை செய்து கொடுப்பதுதான். அவர்களுடைய விளையாட்டில் ஓடும் மோட்டார் காரை நாம் வரைந்து கொடுப்போம். திருப்பூரில் பனியன் தைத்து அனுப்புகிறோம், கழுத்தில் சீமைக் கம்பெனியின் பெயர் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. பிரான்ஸ் தேசத்து யூபிசாஃப்ட் 2008-ல் புனேயில் கால் வைத்தது. அப்படிப்பட்ட இடங்களில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து தொழில் கற்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

இன்னொரு வழி, சொந்தமாகச் செய்வது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆடினோமே லூடோ கிங், அது 2016-ல் வந்தது. பாட்னாவில் பிறந்த விகாஸ் ஜெய்ஸ்வால் என்பவர் நவி மும்பையில் சிறு கம்பெனி வைத்துச் செய்த காரியம். பத்துக் கோடிக்கு மேற்பட்ட தடவை அதை ஜனங்கள் போனில் இறக்கிக்கொண்டார்கள்.

ஆனால் புனேக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாளாத கதை 'ராஜி'யினுடையது. நாடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழு அதைச் செய்தது. தலையாட்டும் தலைகள் என்று அர்த்தம். நம் தஞ்சாவூர்ப் பொம்மை போல! அசுரன் தூக்கிப்போன தம்பியைத் தேடிப்போகும் கழைக்கூத்தாடிப் பெண்தான் ராஜி. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லுகிறார்கள். 2017-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பார்த்தார்கள். குறித்த தொகை சேரவில்லை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் என்ற சித்திரக்காரப் பெண்மணி தம் வீட்டை விற்றுக் காரியத்தை நடத்தினார். 2020-ல் விளையாட்டு வெளிவந்தது. அந்த வருஷத்திய உலகப் பரிசுகளில், சிறந்த முதல் முயற்சிக்கான ஐந்து பெயர்களில் ராஜியும் இடம் பெற்றது. பரிசு வேறு ஒன்றுக்குப் போயிற்று. போனால் என்ன?

"வீட்டையா விற்றார்கள்?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"என்னிடம் விற்க வீடு இல்லை, மாமா, பயப்படாதீர்கள்" என்றாள் அக்கா பெண்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். அக்கா பால் கணக்கு எழுதுவாளே, அதே ஒழுங்கு! கருவி வாங்கச் செலவில்லை. விளையாட்டைக் கட்டுவதற்கு வேண்டிய அடித்தள யந்திரங்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. அன்ரியல் என்ற பெரிய யந்திரத்துக்கு, விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் 5 சதவீதம் கட்டவேண்டும். கோடோ என்பது முழுக்கவே இலவசம். அர்ஜென்டினாவில் இரண்டு பேர் தங்களுக்காக எழுதிக்கொண்டது. 2014-ல் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். இவர்கள் உபயோகிப்பது அதைத்தான். ஏழை நாட்டுக்காரன் கஷ்டம் இன்னொருவனுக்குத்தானே தெரியும்!

கஷ்டம் விற்பதில்தான் இருக்கிறது. நம் ஜனங்கள் ஆடுவதற்குச் சளைத்தவர்கள் அல்ல. காசு கொடுப்பதில்தான் தயக்கம். ஆகவே உள்ளூரில் கூட்டம் சேரும், பணம் சேராது. வெளிநாட்டில் விற்கலாம். அங்கே ஸ்டீம் என்ற பெரிய கடை, நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாயைக் கழித்துக்கொள்ளும். மீதியை நான்கு பேர் பங்கு போட்டு, வாடகையும் கரண்டு பில்லும் போக என்ன நிற்கும்? அதனால் பாதி நாள் வெளிநாட்டு ஸ்டூடியோ ஒன்றுக்குக் கூலி வேலை; பாதி நாள் சொந்த விளையாட்டு. வருமானம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. கையிருப்பு அடுத்த மார்ச்சு வரை வரும்.

"வராவிட்டால்?"

"பெரிய ஸ்டூடியோவில் வேலை கேட்பேன். அங்கே பட்டத்தைவிட, செய்து முடித்ததைக் காட்டு என்றுதான் கேட்கிறார்கள். முடித்த விளையாட்டு ஒன்று கையில் இருந்தால் அதுதான் சர்டிபிகேட். அதனால் இதை முடிக்காமல் விடமாட்டேன்." சற்று நிறுத்தினாள். "அம்மா தினம் டெலிபோன் பண்ணுகிறாள், மாமா. எப்போது விடுவாய் என்று கேட்கிறாள். என்ன செய்கிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை."

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

*

அன்று மாலை ஒரு வேடிக்கை. எதிர் வீட்டு ஆஜி, அதாவது பாட்டியம்மாள், விளையாட்டைப் பரீட்சை பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பரீட்சை ஆஜிக்கல்ல, செய்தவர்களுக்குத்தான். ஆடுகிறவர் எங்கே திகைக்கிறார் என்று பார்க்க வேண்டும். வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

ஆஜி மூன்று அறைகளை அநாயாசமாகத் தாண்டினார். கிணற்றடிக்கு வந்ததும் காற்று வீசியது, விளக்கு அணைந்தது. மறுபடி ஆரம்பித்தார்; மறுபடி அணைந்தது. சிறுமியின் கையைத் தொட்டால் அவள் சுடரை மறைத்துக்கொள்வாள். ஆனால் அது ஆஜிக்கு எப்படித் தெரியும்? அக்கா பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் தடவை ஆஜி போனைக் கீழே வைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று மராத்தியில் கேட்டார்.

"கணக்கில் பிழை இல்லையே?" என்று நான் சமாதானம் சொன்னேன்.

"ஆஜிக்குப் புரியவில்லை என்றால் பிழை எங்களுடையதுதான்" என்றாள் அவள். இரவு இரண்டு மணி வரையில் கூடத்தில் விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை என்னை ராஜா தினகர் கேல்கர் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனாள். ஏழு வயதில் இறந்துபோன ஒரே மகன் ராஜாவின் நினைவாக, கேல்கர் என்பவர் ஊர் ஊராகத் திரிந்து சேர்த்த சாமான்கள். விளக்குகள், பாக்குவெட்டிகள், சமையல் பாத்திரங்கள், வாத்தியங்கள் என்று நம் பாட்டிமார் பரணில் போட்டுவைக்கும் பொருள்கள்தாம்! அந்தச் சிறுமியின் கையிலிருக்கும் விளக்கை இங்கே பார்த்துத்தான் வரைந்தார்களாம். விளக்குக் கூடத்தில் நெடுநேரம் நின்றோம். இந்த மனிதரையும் அந்தக் காலத்தில் யாராவது, "இதெல்லாம் ஓர் உத்தியோகமா?" என்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஊர் திரும்பியதும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சொன்னாயா?"

"சொல்லவில்லை" என்றேன். "கனடாவில் 2023-ல் ஒரு விளையாட்டு வந்தது. பெயர் வெண்பா. அங்கே குடியேறிய ஒரு தமிழ் அம்மாள் இட்லி வார்ப்பதும், பிள்ளையை வளர்ப்பதும்தான் கதை. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் பாஃப்டா பரிசு கொடுத்தார்கள்."

"இட்லிக்கா பரிசு?"

"இதைப் பார்" என்று போனை அவள் கையில் வைத்தேன். மார்ச்சு மாதக் கெடுவையும் மறைக்காமல் சொன்னேன். ஜயிக்கும் என்று என்னால் உறுதி கூறமுடியாது. ஆனால் பெண் ஏமாறவில்லை, கணக்குப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறாள் என்றேன். அக்கா பதில் பேசவில்லை. சிறுமி இருட்டில் நடந்துகொண்டிருந்தாள்.

இரவு பதினோரு மணிக்கு நான் தூங்கப்போகும்போது, அடுத்த அறையில் அக்காவின் குரல் கேட்டது. புனேக்கு டெலிபோன்.

"ஏண்டி, கிணற்றடியில் காற்றடித்தால் விளக்கைக் கையால் யாராவது மறைப்பார்களா? சுட்டுவிடாதோ? முந்தானையால்தான் மறைப்போம். உன் பெண்ணுக்குத் தோளில் ஒரு தாவணியாவது போடு. காற்றில் அது பறந்தால் யாருக்கும் பிடிக்கத் தோன்றுமே!"

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை போலிருக்கிறது. "என்னடி, அழுகிறாயா?" என்றாள் அக்கா.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு செய்தி வந்தது. சிறுமிக்குச் சிவப்புத் தாவணி போட்டாகிவிட்டது. கிணற்றடியில் அது படபடத்தது. ஆஜி முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாராம்.